பாசமலரும் கோப்பை கழுவிகளும்

'பாசமலர் பார்த்து அழுகிறவனோடு இலக்கியம் பேசமுடியாது!'

போன மாரியில் பாரிஸில் நடந்த ஒரு கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னதாக, ஒருவர் இப்படிச் சொன்னார். சபை சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பின்வரிசையில் இருந்த நாங்கள் நாலு பேரும் அன்று ஆறு மணிக்கு வேலைக்கு நிற்கவேண்டியவர்கள். சிரித்து முடிய எழும்பி வந்துவிட்டோம். மெற்றோவுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், சிரித்தது பிழை என்று பட்டது. ஏனென்றால் எங்கள் நாலு பேரில் ஒருவர்கூட அந்தப் படத்தைக் கண் நனையாமல் பார்த்து முடித்தவரில்லை. பத்துத் தரம் பார்த்தாலும் பத்துத் தரமும் அழுகிறோம். எந்த இடத்தில் அழுகை வரும் என்று தெரிந்துகொண்டே இருந்து அழுகிறோம். பிறகு என்னத்துக்குச் சிரித்தோம்? இலக்கியம் பேசுகிறவர்களின் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும் என்பதற்காகத்தான். வேறென்ன!

பேசியவர் பிறெக்ற்றைத் துணைக்கு அழைத்தார். பார்வையாளர் அழுது கரைந்து, மனப்பாரம் இறங்கி, ஒன்றையும் யோசிக்காமல் வீட்டுக்குப் போகிற நாடகத்தைப் பிறெக்ற் சந்தேகித்தது உண்மை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்த எங்களுக்கும் அந்தளவு தெரியும். ஆனால் பிறெக்ற்றும் எங்களைப் போல ஓடினவர். 1933இல் ஜேர்மனியை விட்டு வெளிக்கிட்டு டென்மார்க், சுவீடன், பின்லாந்து, பிறகு அமெரிக்கா என்று நாடு நாடாக அலைந்தவர். அந்த வருடங்களில் எத்தனை இரவு அவர் தனிய இருந்து அழுதார் என்று ஒருவரும் கணக்கு வைத்திருக்கவில்லை. அழாமல் இருந்தார் என்பதற்கும் சாட்சி இல்லை.

சரி, படத்துக்கு வருவோம்.

பாசமலர் 1961இல் வெளிவந்தது. பீம்சிங் இயக்கம், ஆரூர்தாஸ் வசனம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. சிவாஜியும் சாவித்திரியும் அண்ணனும் தங்கையும். அடுத்த வருடமே அது ஹிந்தியில் 'ராக்கி' ஆகவும் தெலுங்கில் 'ரக்த சம்பந்தம்' ஆகவும் போய்விட்டது. ஆகவே இந்த அழுகை எங்களுடைய தனிச்சொத்து இல்லை. தாய் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகள். அண்ணன் கூலிக்குப் போகிறான். வேலை போகிறது. தங்கை பொம்மை செய்து சேர்த்த காசு அவனுக்கு முதலாகிறது. அவன் முதலாளியாகிறான். தங்கை கலியாணம் செய்கிறாள். சொந்தக்காரர் உள்ளே வந்து வீட்டை இரண்டாக்குகிறார்கள். கடைசியில் தங்கையின் பிள்ளையைப் பட்டாசு நெருப்பிலிருந்து காப்பாற்றப் போய் அண்ணன் கண்ணை இழக்கிறான். கண் தெரியாதவனாய் வந்து தங்கையின் கையைப் பிடிக்கிறான். இருவரும் செத்துப்போகிறார்கள். அவ்வளவுதான் கதை. எழுதிப் பார்த்தால் கேலியாகக்கூட இருக்கிறது. அந்தக் கைகள் இரண்டும் ஒன்றையொன்று தேடுகிற நேரத்தில் யாராவது கேலி செய்யட்டும் பார்ப்போம்.

கூட்டத்தில் பேசியவர் சொல்லாத ஒரு குற்றச்சாட்டையும் அந்தப் படத்தின்மேல் நாங்களே வைக்கிறோம். தங்கை விரும்பிய ஆனந்தன் (ஜெமினி கணேசன்) அதே தொழிற்சாலையில் தொழிலாளர் பக்கம் நின்று பேசுகிறவன். முதலாளியாகிவிட்ட பழைய நண்பனோடு அவன் முட்டுப்படுவது கூலிக்காகவும் உரிமைக்காகவும்தான். அவன் மச்சானானதும் அந்தச் சச்சரவு எங்கே போனது? படம் அதை அப்படியே மறந்துவிடுகிறது. பிறகு சண்டையெல்லாம் சொத்துச் சண்டையும் மாமியார்ச் சண்டையும்தான். நாங்களோ, ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் பாத்திரம் கழுவுகிற நாங்கள், தொழிலாளியை மறந்துவிட்டு முதலாளி அண்ணனுக்காக மூக்கைச் சிந்துகிறோம். இதை ஒருவர் பிழை என்று சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போம். 2008 ஏப்ரலில் இதே பாரிஸில், விசா இல்லாமல் உணவகங்களில் வேலை செய்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் மாலி நாட்டுக்காரர். வேலை செய்த இடத்திலேயே படுத்துக் கிடந்தார்கள். அதில் பலர் விசாவும் வாங்கினார்கள். அவர்களோடு பிறகு ஒரே தொட்டியில் கோப்பை கழுவியபோது அந்தக் கதையைக் கேட்டோம். 'உங்கடை ஆக்கள் ஏன் வரேல்லை?' என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க அழாமல் இருக்கவேண்டிய அவசியம் இல்லையே! அழுதுகொண்டுதான் கண்டுபிடித்தோம்.

இனி அச்சுவேலியண்ணையின் விசயம்.

லாக்கூர்னெவ்வில் எங்கள் அறையில் ஆறு பேர். எல்லோருக்கும் மூத்தவர் அச்சுவேலியண்ணை. 2016இல் அவருடைய தாய் ஊரில் மோசம் போனா. அண்ணையிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கே போனாலும் பிறந்த நாட்டுக்குப் போகமுடியாது. போனால் கார்ட் பறிபோகலாம். இந்தச் சட்டத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இதைப் படிக்கிற பாதிப்பேரின் லாச்சிக்குள்ளும் அதே பத்திரம் கிடக்கும். செத்தவீட்டை வைபரில் காட்டினார்கள். ரெஸ்ரோரன்ற்றின் பின்பக்கம், குப்பை வாளிகள் வைக்கிற முற்றத்தில் நின்று அவர் பார்த்தார். ஊரில் யாரோ ஒரு பெடியன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். படம் நின்று நின்று வந்தது. சுண்ணப்பாட்டுக்கு முதல் நெற்வேர்க் அறுந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். செஃப் கூப்பிட்டான். அண்ணை உள்ளே போய், கழற்றி வைத்திருந்த கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டு மிச்சத் தட்டுகளைக் கழுவினார். அன்றைக்கு அவர் அழவில்லை. அறைக்கு வந்தும் அழவில்லை. அந்தியேட்டி நாளன்று எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்தார். அன்றைக்கும் இல்லை.

ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு யூரியூப்பில் பாசமலர் போட்டோம். கடைசிக் காட்சியில் மனிதர் கத்தி அழுதார். சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த அராபியக் குடும்பம் கதவைத் தட்டுமளவுக்கு அழுதார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பகிடி பண்ணினோம். 'என்னண்ணை, எத்தினை தரம் பாத்த படம், இன்னும் முடிவு தெரியாதே?' என்று கேட்டோம். அவர் முகத்தைச் சாரத்தால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

'கண் தெரியாட்டிலும் அவன் வந்து சேந்திட்டானெல்லே...'

அதுக்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் கதைக்கவில்லை.

கூட்டத்தில் சிரித்த கனவான்களுக்கு இப்போது எங்கள் கேள்வி: இது அபினா? மனிதர் யோசிக்காமல் அழுதாரா? அகதிச் சட்டத்தைப் பற்றி, எல்லையைப் பற்றி, ஒரு மகனுக்கும் தாயின் பிரேதத்துக்கும் நடுவில் ஒரு கடதாசி எப்படிக் கிடக்கிறது என்பதைப் பற்றி, உங்கள் கட்டுரைகளில் பத்துப் பக்கத்தில் வராதது அந்த ஒரு வசனத்தில் வந்ததா இல்லையா? பீம்சிங் அதை நினைத்துப் படமெடுக்கவில்லைத்தான். படமெடுத்தவர் நினைத்ததை மட்டும்தான் பார்க்கிறவன் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

எங்களுக்கு உண்மையான இடத்தில் அழுது பழக்கமில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது எங்களுக்கு ஆறு, ஏழு வயது. மழை, சேறு, சைக்கிளில் கட்டிய மூட்டைகள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெரியவர்கள் அழுத ஞாபகம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவுதான். அதே பெரியவர்கள்தான், கரண்ட் இல்லாத அந்த வருடங்களில், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனறேற்றரை வாடகைக்கு எடுத்து, தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து இரவிரவாகப் படம் பார்த்தார்கள். அப்போது அழுதார்கள். ஆச்சிமார் வாய்விட்டு அழுதார்கள். துலாபாரத்தில் சாரதா பிள்ளைகளுக்கு நஞ்சைக் கொடுக்கிற கட்டத்தில், ஜெனறேற்றர் சத்தத்துக்கு மேலால் அழுகுரல் கேட்டது. சாரதாவுக்காகத்தான் அழுதார்கள் என்று அப்போது நினைத்தோம்.

எல்லாக் கண்ணீரும் ஒன்று என்று நாங்கள் சொல்லவரவில்லை. மண்டபத்தில் விளக்கை அணைத்து, திரையில் சில படங்களை ஓடவிட்டு, பின்னால் வயலின் போட்டு, எல்லோரும் மூக்கை உறிஞ்சுகிற நேரம் பார்த்து உண்டியலைக் கொண்டுவருகிற கெட்டித்தனம் எங்களுக்கும் தெரியும். அந்த உண்டியலில் நாங்களும் போட்டிருக்கிறோம். அங்கே வருகிறது கண்ணீர் இல்லையா என்றால், அதுவும் கண்ணீர்தான். அதற்கு விலை குறித்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' பற்றியும் சொல்லவேண்டும். மணிரத்னம் படம், 2002 பெப்ரவரி. அதே மாதம் 22ந் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. இராமேஸ்வரம் அகதி முகாமில் பிறந்து சென்னையில் வளர்கிற சிறுமி, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறாள். தாய் இயக்கத்தில் இருக்கிறாள். கடைசியில் மழைக்குள் சந்திக்கிறார்கள். அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் அழுகை வருகிறது. அழுது முடிய ஒரு எரிச்சலும் வருகிறது. அந்தப் பிள்ளை சென்னைக்குத் திரும்பிப் போகும், தாய் போருக்குத் திரும்பிப் போவாள், பார்க்கிறவர் வீட்டுக்குத் திரும்பிப் போவார். எல்லோரும் போன பிறகு அந்த ஊரில் யார் மிஞ்சியிருக்கிறார்கள், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அந்தக் கமெரா திரும்பிப் பார்க்கவில்லை. தேசிய விருதுகள் கிடைத்தன. எங்கள் யுத்தம் இன்னொருவர் வீட்டுக் குடும்பக் கதைக்கு அழகான பின்னணியானது. அச்சுவேலியண்ணை அந்தப் படத்துக்கு அழுவதில்லை. 'இது அவையள் அழுறதுக்கு எடுத்தது' என்பார். நாங்கள் அழுகிறோம், அண்ணை அழுவதில்லை. இதில் யார் சரி என்று இன்னும் எங்களுக்குள் தர்க்கம் முடியவில்லை.

அப்படியென்றால் எந்தப் படத்துக்கு நாங்கள் அழ மறுத்தோம்? இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பம்மாத்து.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர', 1997. சிங்களப் படம். கண் தெரியாத கிழவன் வன்னிஹாமி. நடித்தவர் ஜோ அபேவிக்ரம. இராணுவத்துக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறான். திறக்கக்கூடாது என்று கட்டளை. ஊர் புதைக்கிறது. கிழவன் நம்பவில்லை. நட்டஈட்டுக் கடதாசியில் கையொப்பம் வைக்கமாட்டேன் என்று நிற்கிறான். கடைசியில் மண்வெட்டியோடு போய்க் குழியைத் தோண்டுகிறான். பெட்டிக்குள் வாழைக்குற்றியும் கல்லும். 2000இல் அரசாங்கம் அந்தப் படத்தை ஓடவிடாமல் நிறுத்தியது. 2001இல் உயர்நீதிமன்றம் சொல்லித்தான் இலங்கையில் திரைக்கு வந்தது.

பல வருடங்களுக்கு முன் இதை அறையில் போட்டபோது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். 'ஆமிக்காரன்ரை தேப்பன்தானே' என்று ஒருவன் சொன்னான். மறுத்துப் பேச ஒருவரும் இருக்கவில்லை. பாசமலரின் பணக்கார அண்ணனுக்கு வந்த கண்ணீர், வரண்ட குளத்தங்கரையில் இருந்த அந்த ஏழைக் கிழவனுக்கு வரவில்லை. இதற்கும் பிறெக்ற்றா காரணம்? எங்கள் கண்ணுக்கு நாங்களே போட்ட காவல் அது.

போன வருடம் கிளிநொச்சிப் பெடியன் ஒருவன் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய தமையன் 2009 மே மாதம் முல்லைத்தீவில் சரணடைந்தவன். பிறகு தகவல் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இருக்கத் தொடங்கினார்களே, அதில் இவனுடைய தாயும் ஒருத்தி. 2022இல் அரசாங்கம் ஒரு லட்சம் ரூபா தருகிறோம் என்றது. தாய்மார் வேண்டாம் என்றார்கள். இவனுடைய தாயும் வேண்டாம் என்றா.

ஒரு ஞாயிறு அவனுக்காக அந்தச் சிங்களப் படத்தைத் திரும்பப் போட்டோம். கிழவன் கையொப்பம் வைக்க மறுக்கிற கட்டம் வந்தது. பெடியன் கட்டிலில் எழும்பி இருந்தான். 'கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ அண்ணை' என்றான். விட்டோம். திரும்பவும் விடச்சொன்னான். மூன்றாம் தரம் பார்க்கும்போது அச்சுவேலியண்ணை எழும்பி யன்னலடியில் போய் நின்று சிகரெற் பற்றவைத்தார். எங்களில் 'ஆமிக்காரன்ரை தேப்பன்' என்று முந்திச் சொன்னவன் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான். கழுவ அங்கே ஒரு கோப்பையும் இருக்கவில்லை.

பெட்டி திறக்கிற கட்டத்துக்கு முன்னமே பெடியனுக்கு ஊரிலிருந்து ரெலிபோன் வந்துவிட்டது. மிச்சம் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு எதைப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. விட்ட இடத்திலிருந்து அதையே போடவேண்டும் என்கிறான் அவன். அண்ணை பாசமலர் என்கிறார்.