ஓட்டோ ஹூட்டின் மங்கிய ஜன்னல்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருபவர்கள் துணிக்கூரை போட்ட பழைய மொரிஸ் மைனரைக் கண்டால் நின்று படம் எடுக்காமல் போகமாட்டார்கள். அந்தக் கூரையின் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளடித்தால் உரிமையாளர் தேடித் திரிந்து ஆள் பிடித்து மாற்றுவார். அதற்குப் பேர் பாரம்பரியம். நம்ம தோட்டத்து ஓட்டோவுக்கும் ரெக்சின் ஹூட்தான், பிளாஸ்டிக் ஜன்னல்தான். அது மங்கினால் மட்டும் "ஓடுதுதானே, விடுங்க." இந்த 'விடுங்க'வோடதான் எங்களுக்குச் சண்டை.

ஹட்டனிலிருந்து மேலே ஏறும் பாதைகளில் மழை பிடித்தால் ரெண்டு பக்கமும் திரையை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு சாரதிக்குப் பக்கவாட்டில் தெரிவதெல்லாம் அந்தச் சாண் அகலப் பிளாஸ்டிக் வழியாகத்தான். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் எதிரே வரும் லொறியின் வெளிச்சம் பட்டால் முழுக்க வெள்ளையாகச் சிதறும். பனிமூட்டமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பின்சீட்டில் இருப்பது ஸ்கூல் பிள்ளைகள். (எத்தனை பேர் என்பது வேறு கதை.)

இந்தப் பிளாஸ்டிக் பிவிசி. அதை வளைய வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பிறகு மஞ்சள், விறைப்பு, வெடிப்பு. குளிர்தானே என்று நினைக்கிறோம். ஆனால் உயரம் கூடக் கூட வெயிலின் புறஊதாக் கதிரும் கூடும். விடியற்காலையில் விறைத்துக் கிடக்கும் திரையைச் சுருட்டினால் மடிப்பிலேயே கீறும். காய்ந்த துணியால் துடைப்பதும், பெட்ரோல் தொட்டுத் துடைப்பதும் இன்னும் மோசம். தண்ணி ஊற்றி, மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

குஷன் கடைக்குப் போனால் "ஹூட்டையே மாத்துங்க" என்பார்கள். ரெக்சின் நல்லா இருந்தால் தேவையே இல்லை. பழைய ஜன்னலை முதலில் வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுசை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு உள்ளே இருப்பதை வெட்ட வேண்டும். அப்போதுதான் ஹூட் இழுபடாது. தையல் நெருக்கமாகப் போனால் முத்திரை ஓரம் மாதிரி அந்த வரியிலேயே கிழியும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டு வாங்கணும்.

சாரதி அண்ணன்மாரைக் குறை சொல்வது லேசு. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. அதுவரை இருந்ததை ஒட்டிப்போட்டுத்தான் ஓடினார்கள். கடையில் வண்டியை விட்டால் அன்றைய ஹயர் போச்சு, லீசிங்காரன் காத்திருக்கமாட்டான். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைச் சோதனையோ புகையை மட்டும்தான் பார்க்கும்.

அதனால் நாங்கள் கேட்பது பெற்றோரிடம். மாதாமாதம் ஸ்கூல் ஹயர் காசு கொடுக்கும்போது, மே மாத மழைக்கு முன்னே ஒருமுறை ஜன்னலுக்கென்று எல்லாரும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். வேலையை ஏப்ரல் லீவிலேயே முடிக்கலாம். அப்போது ஸ்கூல் ஹயரும் இல்லை, வெயிலில் பிளாஸ்டிக்கும் இளகித் தைக்கத் தோதாக இருக்கும்.