கண்ணுக்குத் தெரியாத வலி

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள் பெரியோர். ஆனால், தனக்கு வந்த பிறகுதான் பிறர் வலியை அறிய முடியும் என்றால் நாம் கற்கும் கல்வி எதற்கு? நமக்கு வராத நோயையும் அறிந்துகொள்வதே படித்தவர்க்கு அழகு. அப்படி நாம் அறிய வேண்டிய நோய்களுள் ஒன்று முடக்குவாதம்.

மருத்துவர்கள் இதை ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பர். நம் ஊரில் சரவாங்கி என்றும் சொல்வதுண்டு. பெயரைக் கேட்டதும் பலர் நற்செய்தியில் வரும் முடக்குவாதக்காரரை நினைத்துக்கொள்கின்றனர். அவர் கைகால் அசையாமல் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர். அது வேறு நோய். வேறு சிலர் பாட்டிமார்களின் முழங்கால் தேய்மானத்தை நினைக்கின்றனர். இது அதுவும் அன்று.

கிருமிகளை எதிர்த்துப் போராட இறைவன் நம் உடலில் ஒரு காவற்படையை வைத்திருக்கிறார். இந்நோயில் அந்தக் காவற்படை சொந்த வீட்டையே பகைவன் வீடு என்று தவறாக எண்ணி, மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, கவனிக்காமல் விட்டால் நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. இரு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் பெரும்பாலும் ஒருசேரப் பாதிக்கப்படும். காரணமில்லாத களைப்பும் கூடவே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இது தொற்றுநோய் அன்று; நோயாளியின் கையைப் பிடிப்பதால் யாருக்கும் வராது.

"இது வயதானவர்களுக்குத்தானே வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் நடுவயதில்தான் தொடங்குகிறது என்றாலும், சிறுவர் சிறுமியருக்கு வரும் மூட்டழற்சியும் உண்டு. 1897ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் இதைத் தனியே விளக்கி எழுதினார். பதினாறு வயதுக்குள் தொடங்கி ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூட்டு வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது. இக்குழந்தைகளில் சிலருக்குச் சிவப்போ வலியோ இல்லாமல் கண்ணும் உள்ளே பாதிக்கப்படலாம். ஆகையால் கண் மருத்துவரிடமும் தவறாமல் காட்ட வேண்டும்.

இந்நோயாளிகளுக்கு நோயைவிடப் பெரிய துன்பம் எது தெரியுமா? பிறர் நம்பாமையே! என் தாயாருக்கு இந்நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கா. குக்கர் மூடியைத் திறக்கவோ எனக்குப் பின்னல் போடவோ இயலாது. ஒரு மணி நேரத்துக்கு மேலான பிறகே மூட்டுகள் மெல்ல மெல்ல இளகும். பத்து மணிக்கு அவரைப் பார்ப்பவர்கள், "நன்றாகத்தானே இருக்கிறாய்!" என்கிறார்கள். விடியற்காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தவர் யார்? கோயிலில் அவர் முழந்தாளிடாமல் அமர்ந்திருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. உடல்நலக் குறைவுள்ளவர்கள் முழந்தாளிட வேண்டியதில்லை என்று திருப்பலி நூலின் பொது விதிகளே கூறுகின்றன. திருச்சபை தரும் சலுகையை மறுக்க நாம் யார்?

நான் சொல்ல விரும்புவது இதுதான்: இவர்களுக்கு வேண்டியது நம் கண்ணீர் அன்று, வசதியான ஒரு சிறு மாற்றம். இதற்குச் சான்றாக ஒரு பெண்மணியைக் காட்டலாம். இங்கிலாந்தின் விஞ்ஞானி டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1934இல், 24ஆம் வயதில், இந்நோய் கண்டது. அதே ஆண்டில்தான் அவர் இன்சுலின் படிகங்களை ஆராயத் தொடங்கினார். நாளடைவில் விரல்கள் கோணிப் போயின. எக்ஸ்ரே கருவியின் சுவிட்சைப் போட முடியாதபோது, அதற்கு ஒரு நீண்ட நெம்புகோலைப் பொருத்திக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டறிந்து 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இன்சுலினின் அமைப்பு 1969இல் தெளிவாயிற்று. "பாவம், ஓய்வெடு" என்று அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தால் உலகம் எவ்வளவு இழந்திருக்கும்!

நம் பள்ளியிலும் அத்தகைய நெம்புகோல்களை நாம் அமைக்கலாம். மூட்டு வலியுள்ள மாணவி தரையில் அமராமல் நாற்காலியில் அமரட்டும். அவளுடைய வகுப்பு கீழ்த்தளத்தில் இருக்கட்டும். காலை வழிபாட்டில் அவள் உட்கார்ந்திருந்தால் யாரும் காரணம் கேட்க வேண்டாம். எழுதும் கை சோர்ந்தால் தேர்வில் சற்றுக் கூடுதல் நேரம் தரலாம். ஆண்டு விழாவில் முழு வருகைப் பரிசு வழங்குகிறோம், நல்லதுதான். ஆனால் மருத்துவமனைக்குச் சென்ற நாட்களை விடுப்பாக எண்ணினால், நோயுற்ற மாணவி எத்தனை முயன்றும் அப்பரிசைப் பெற முடியாது. அந்நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணெய் தேய்த்தும், பெயர் தெரியாத பொடிகளை உண்டும் மாதங்களை வீணாக்காதீர்கள். தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டுகள் கோணாமல் காக்கலாம். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹெஞ்ச் கார்டிசோன் மருந்தை முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். இன்று அதைவிட நல்ல மருந்துகள் பல உள்ளன. அவற்றுள் முக்கியமான மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒரு முறைதான் உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் உடற்பயிற்சியும் அவசியம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இந்நோய்களுக்கெனத் தனித் துறையே இருக்கிறது.

கப்பர்நாகும் ஊரில் நடக்க இயலாதவரை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டம் வழிவிடவில்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து அவரை இயேசுவின்முன் இறக்கினர். அந்த நால்வரின் பெயர் நமக்குத் தெரியாது. செயல் மட்டும் தெரியும். தோழியரே, ஒருத்தி "இன்று என்னால் எழுந்து நிற்க முடியவில்லை" என்று சொன்னால், முதலில் அவளை நம்புவோம். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுவோம்.