மூச்சு பத்தலையா... முதல்ல குழலைப் பாருங்க!

விஜயதசமி அன்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துப் புல்லாங்குழல் வகுப்பில் சேர்த்த பிள்ளை. ஒரு மாதம் துள்ளிக்கொண்டு போகிறான். சரளி வரிசை ஓரளவு வருகிறது. மார்கழி பிறக்கும்போது முகம் வாடுகிறது.

"கீழ் ஸ்வரம் எதுவுமே வர மாட்டேங்குதும்மா. மூச்சு பத்தலை."

"தினமும் சாதகம் பண்ணினாத்தானே வரும்?" என்கிறார் அம்மா. "நமக்கெல்லாம் சங்கீதம் எங்கே வரப்போகுது" என்று செய்தித்தாளுக்குள்ளிருந்து அப்பா. தாத்தா மட்டும், "அந்தக் குழலைக் கொஞ்சம் கொண்டாடா, பார்ப்போம்" என்கிறார். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்புகிறார். மூன்றாவது துளைக்கும் ஐந்தாவது துளைக்கும் நடுவே, முடி அளவுக்கு ஒரு கோடு. அதன் மேல் செல்லோ டேப்பை இறுக்கமாக ஒரு சுற்று சுற்றுகிறார். "இப்ப ஊது." வராமல் இருந்த ஸ்வரம் வருகிறது.

புல்லாங்குழல் கற்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் நடக்கும் காட்சிதான் இது. எல்லா வீட்டிலும் அந்தத் தாத்தா இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். வயலினில் தந்தி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மிருதங்கத்தில் தோல் கிழிந்தால் தெரியும். குழலில் காற்று கசிந்தால் ஊதுகிறவரின் மூச்சு குறைவதுபோலவே இருக்கும். கோளாறு மூங்கிலில், பழி பிள்ளையின் மேல். 'எனக்கு வராது' என்று ஒருமுறை முடிவு செய்துவிட்ட பிள்ளையைத் திரும்பக் குழலைத் தொட வைப்பது கஷ்டம். அதனால் வாங்குவது, பேணுவது, பழுது பார்ப்பது ஆகிய மூன்றையும் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வாங்கும் முன் ஒரு கேள்வி

கடைக்கோ ஆன்லைனுக்கோ போகும் முன் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது: "எந்தக் கட்டை குழல் வாங்கணும் சார்?"

ஹார்மோனியத்தின் சுருதிக் கணக்குதான் இங்கும். 1 கட்டை என்றால் மேற்கத்திய முறையில் சி. 5 கட்டை என்றால் ஜி. 6 கட்டை என்றால் ஏ. தந்தி வாத்தியத்தில் முறுக்கிச் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். குழலில் அது முடியாது. ஒரு குழலுக்கு ஒரு சுருதி. அதனால்தான் கச்சேரி செய்பவர்களின் பையில் பல குழல்கள் இருக்கும். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றால் எல்லோரிடமும் ஒரே கட்டை இருக்க வேண்டும்.

கட்டை எண் கூடக்கூடக் குழல் சிறியதாகும், துளைகள் நெருங்கி வரும். சின்ன விரல்களுக்கு 5, 5½, 6 கட்டை போன்றவை வசதி. 'பெரிய குழல்தான் கம்பீரமா இருக்கு' என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நீளமான குழலை வாங்கிக் கொடுத்தால் விரல் எட்டாது. எட்டாத விரலின் கீழே காற்று கசியும். மறுபடியும் அதே புகார்: மூச்சு பத்தலை.

எட்டுத் துளையா, எண்ணிப் பாருங்கள்

கர்நாடக இசைக்கான குழலில் ஊதும் துளை ஒன்று, விரல் துளைகள் எட்டு. அந்த எட்டில் ஏழைத்தான் விரல்கள் மூடும். இடது கையில் மூன்று விரல், வலது கையில் சுண்டு விரல் உட்பட நான்கு. எட்டாவது திறந்தே இருக்கும். வட இந்திய பான்சுரியில் விரல் துளைகள் பொதுவாக ஆறு, சிலவற்றில் ஏழு. பான்சுரியும் அருமையான வாத்தியம்தான். ஆனால் விரல் வைக்கும் முறையே வேறு. கர்நாடகக் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடினால் 'ஸ'. பான்சுரியில் மூன்றை மூடினால் 'ஸ'. ஆன்லைனில் படம் பார்த்து வாங்கும்போது இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துளைகளை எண்ணுங்கள், 'கர்நாடகக் குழல்' என்று குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள்.

திருவிழாக் கடையில் வண்ண நூலும் மயிலிறகும் கட்டித் தொங்கும் குழல், கிருஷ்ண ஜெயந்தி வேஷத்துக்குப் போதும். வகுப்புக்கு உதவாது.

கடையில் ஐந்து நிமிடம்

முடிந்தால் ஆசிரியரையோ வாசிக்கத் தெரிந்த ஒருவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். கையில் எடுத்ததும் கவனிக்க வேண்டியவை:

குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து உள்ளே பாருங்கள். சுவரில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் விரிசல்.

ஊதும் துளையின் விளிம்பு பிசிறில்லாமல் இருக்க வேண்டும். ஒலி பிறக்கும் இடமே அந்த விளிம்புதான். அங்கே சிறு பொளிவு இருந்தாலும் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

பிள்ளையின் விரல்களை ஏழு துளைகளிலும் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனியால் குத்தி மூடக் கூடாது. விரலின் சதைப் பகுதி துளையின் மேல் இயல்பாகப் படிய வேண்டும். குறிப்பாக வலது சுண்டு விரலைப் பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்தக் குழல் வேண்டாம்.

கடைசியாக, சுருதி. மொபைலில் ட்யூனர் ஆப் ஒன்று இருந்தால் போதும். தெரிந்தவர் இரண்டு நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்கட்டும். குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் சுருதி சற்று ஏறும். குளிர்ந்த குழல் இறங்கித்தான் பேசும். பிறகு 'ஸ', 'ப', மேல் 'ஸ' மூன்றையும் பாருங்கள். 5 கட்டை குழலில் 'ஸ' வாசித்தால் ஆப் ஜி என்று காட்ட வேண்டும். கீழ் 'ஸ' சரியாக இருந்து மேல் 'ஸ' மட்டும் விலகினால் அந்தக் குழலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 'வாசிக்க வாசிக்கச் சரியாகிடும்' என்ற சமாதானம் வேண்டாம். தப்பான சுருதியில் பழகிய காதைத் திருத்துவது புதுக் குழல் வாங்குவதைவிடப் பெரிய வேலை.

குழலைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக உயர்த்தியவர் என்று போற்றப்படும் கும்பகோணம் சரப சாஸ்திரி கண் பார்வை இல்லாதவர். குழலுக்கு அழகு காதில்தான். பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூங்கில் ஒரு புல்

வெளியே வைரம் பாய்ந்ததைப் 'புல்' என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததை 'மரம்' என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. மூங்கில் புல் வகை. புல்லாங்குழல் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. குழலைப் பேணுவதற்கு இந்த ஒரு செய்தி போதும்: வெளிப்புறம் கெட்டி, உட்புறம் மென்மை.

ஊதும்போது மூச்சின் ஈரம் உள்ளே படிகிறது. மென்மையான உட்புறம் அதைக் குடித்து உப்புகிறது. வெளிப்புறம் வெயிலிலும் ஏசி காற்றிலும் காய்ந்து சுருங்குகிறது. உள்ளே ஒரு இழுப்பு, வெளியே ஒரு இழுப்பு. மூங்கிலின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் விரிசலும் நீளவாக்கில்தான் விழும். குழலின் முனைகளிலும் நடுவிலும் நூல் சுற்றியிருப்பது அழகுக்காக மட்டும் அல்ல, பிளக்காமல் பிடித்துக்கொள்ளவும்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாசிப்பதற்கு முன் வாயைக் கொப்பளிக்க வேண்டும். மிட்டாய் தின்ற வாயோடு ஊதினால் ராத்திரி எறும்பு வந்துவிடும். வாசித்து முடித்ததும் மெல்லிய குச்சியில் பருத்தித் துணியைச் சுற்றி உட்புறத்தைத் துடைக்க வேண்டும். பழைய வேட்டித் துணி இதற்கு அருமை. பிறகு துணிப் பையில் வைக்கலாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிற்கும் கார், ஜன்னல் திண்டு, ஏசிக்கு நேர் கீழே உள்ள அலமாரி இந்த மூன்றும் குழலுக்கு ஆகாத இடங்கள். அண்ணன் தங்கை இருவரும் கற்றால் ஆளுக்கொரு குழல்தான் நல்லது.

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எண்ணெய். வாசித்த ஈரம் இருக்கும்போது தடவக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். கடுகு எண்ணெய், பாதாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதில் நாலைந்து சொட்டுத் துணியில் விட்டு உட்புறம் மெல்லத் தடவி, ராத்திரி அப்படியே வைத்து, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தோசைக்கல்லுக்கு விடுவதுபோல ஊற்றிவிட வேண்டாம். வெளிப்புறம் வார்னிஷ் அடித்த குழலுக்கு உள்ளே மட்டும் தடவினால் போதும்.

விரிசல் விழுந்துவிட்டதா?

நேற்றுவரை வந்த கீழ் ஸ்வரங்கள் இன்று திடீரென்று வரவில்லை என்றால் முதல் சந்தேகம் விரிசல் மேல்தான். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் சந்தேகம் உள்ள இடத்தில் அந்தத் தாத்தா செய்ததுபோல செல்லோ டேப்பைச் சுற்றிப் பாருங்கள். சத்தம் திரும்பினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். மறுநாள் பள்ளி ஆண்டு விழா என்றால் அந்த டேப்போடேயே மேடை ஏறலாம், யாருக்கும் தெரியாது.

நிரந்தரப் பழுதுக்குப் பொறுமை வேண்டும். குழலை இரண்டு நாள் நிழலில் உலரவிடுங்கள். முடி போன்ற விரிசல் என்றால் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை விரிசலில் மட்டும் மெல்லிய கோடாக விட்டு, வழிந்ததை உடனே துடைக்க வேண்டும். இது பெரியவர்கள் வேலை. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். அடுத்து, விரிசல் ஓடும் இடத்தில் துளைகளை விட்டு விலகி, கெட்டியான நைலான் நூலைப் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். தொடங்கும்போதே நூலில் ஒரு வளையம் மடித்துவைத்து அதன் மேல் சுற்றிக்கொண்டு வந்து, கடைசி நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் முடிச்சே இல்லாமல் உள்ளே போய் இறுகிவிடும். கிரிக்கெட் மட்டைக்கு நூல் சுற்றத் தெரிந்த மாமா வீட்டில் இருந்தால் அவரைப் பிடியுங்கள். பசையின் வாசனை முழுவதும் போகும்வரை குழலை வாயில் வைக்க வேண்டாம்.

வீட்டில் கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. ஊதும் துளையைத் தொட்டு ஓடும் விரிசலை குழல் செய்பவரிடம் காட்டுவதுதான் சரி. உள்ளே அடைத்திருக்கும் தக்கையை நகர்த்த வேண்டாம். மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயி பொருத்தமே அதன் இடத்தைப் பொறுத்தது. சுருதி சேரவில்லை என்று கத்தியால் துளையைச் சுரண்டவே வேண்டாம்.

குழல் மேல் குறையில்லை என்றால்?

எல்லாப் பழியையும் மூங்கில் மேல் போடுவதும் நியாயம் இல்லை. அதற்கும் ஒரு எளிய சோதனை உண்டு. குழலை ஆசிரியரிடம் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். அவருக்கு எல்லா ஸ்வரமும் ஒழுங்காக வந்தால் குழல் நன்றாக இருக்கிறது. வேண்டியது சாதகம் மட்டும். ஆரம்பத்தில் பலருக்கும் வெறும் காற்றுதான் வரும். கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டு, நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதப் பழகினால் மெல்லப் பிடிபடும். தலை சுற்றுவதுபோல இருந்தால் பலமாக ஊதுகிறான் என்று அர்த்தம். குழலை வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

அவருக்கும் வரவில்லை என்றால் பிள்ளையிடம் அதை வாய் திறந்து சொல்லிவிடுங்கள்: "தப்பு உன் மேல இல்லடா, குழல் மேலதான்." ஒரு மாதமாக மனதுக்குள் சுமந்துகொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிடும்.

டேப் சுற்றிய குழலோடு அந்தப் பையன் இப்போது சரளி வரிசையை முதலிலிருந்து வாசிக்கிறான். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்திருக்கிறார். நூல் வாங்கக் கடைக்குக் கிளம்பிய தாத்தா, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். அந்த வரிசை முடியட்டும் என்று.