நீக்கியது அவர்கள், வாசிப்பது நாம்

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி', பாமாவின் 'சங்கதி', சுகிர்தராணியின் கவிதைகளை நீக்கியது. கல்விக்குழுவில் 15 பேர் எதிர்த்தும் ஒன்றிய அரசின் பல்கலைக்கழகம் அசையவில்லை.

'சங்கதி' என்ன வெடிகுண்டா? சேரிப் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசும் பேச்சு. அந்தக் கூடலைக் கண்டுதான் பயம்!

தோழர்களே, சாதி மீறி மணந்ததற்காகக் கண்ணகியையும் முருகேசனையும் 2003இல் விஷம் ஊற்றி எரித்தது நம் விருத்தாசலம் பக்கத்தில்தான். இங்கேதான் அந்தப் பேச்சு அதிகம் தேவை. பீங்கான் கம்பெனி வேலை முடிந்து வரும் அக்காக்களோடு தெருவில் உட்காருங்கள். ஒருவர் 'சங்கதி'யை வாசிக்கட்டும். மற்றவர்கள் தங்கள் சங்கதியைச் சொல்லட்டும். அதை எந்தக் குழு நீக்கும்?