செயினை மட்டும் மாத்தினால் போதுமா?

புதுச் செயின் போட்ட மறுநாளே சைக்கிள் 'டக் டக்' என்று பல் தாண்டுகிறதா? செயின் மேல் குற்றமில்லை. பின்னால் ஒளிந்திருக்கும் பிரீவீல்தான் ஆசாமி!

பழைய செயினும் பிரீவீலும் ஒன்றாகவே தேய்ந்த ஜோடி. அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணி என்று கச்சிதமாக வரும் புதுச் செயின், தேய்ந்த பல்லில் உட்காராது. சும்மா மிதிக்கும்போது தெரியாது. சிக்னலில் பச்சை விழுந்து, தண்ணீர் கேனோடு எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் தாண்டும். பின்னால் பஸ் வந்தால் கதி என்ன?

ஸ்கேல் இருக்கா?

செயினில் 24 கண்ணியை ஆணிக்கு ஆணி அளந்தால் 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடினாலே செயினை மாத்திவிடணும், பிரீவீல் பிழைக்கும். 1/8 கூடிவிட்டதா? இரண்டையும் சேர்த்து மாத்துவதே சரி. முன்பக்கச் செயின்வீலுக்கு 44, 48 என்று பல் அதிகம். அது சீக்கிரம் போகாது. அதையும் தலையில் கட்டினால் கேள்வி கேட்கலாம்.

"செயின் மட்டும் போடுப்பா, மத்தது அடுத்த மாசம்" என்பவர்களும் உண்டு. ஆனால் தாண்டும் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு மாட்டி அனுப்புகிற கடைக்காரரை என்னவென்று சொல்வது? ஒரு ஸ்கேல் என்ன விலை?

கம்பெனி வேற, அளவு வேற

கம்பெனி மாறினால் பாதகமில்லை. அளவு மாறக் கூடாது. சாதா சைக்கிள் செயின் 1/8 அங்குல அகலம். கியர் சைக்கிளுக்கு 3/32. கியர் செயினை சாதா பல்லில் மாட்டினால் இறங்காமல் மேலேயே நிற்கும். 6, 7, 8 கியருக்கு ஒரே செயின் ஓடும். 9-க்கு மேல் வேற.

லோடு அடிப்பவர் 18 பல் பிரீவீலுக்குப் பதில் 20 போட்டால் மிதி லேசாகும். வேகம் கொஞ்சம் குறையும். காட்டர் பின்னை மட்டும் ஜோடியாகவே மாத்தணும். சரிவு வேறான இரண்டை அடித்து இறக்கினால் இரண்டு பெடலும் ஒரே நேரில் நிற்காது. முழங்கால்தான் வலிக்கும்.

பிளஸ்-1 பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிள், படிப்பு முடிந்ததும் அப்பாவுக்கோ தம்பிக்கோ போகிறது. அதற்கு ஆஸ்பத்திரி தெருமுனை பஞ்சர் கடைதான். அங்கே கழற்றிய பழைய செயினைக் கையில் வாங்கி, புதுசோடு பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்க்கட்டும். எவ்வளவு நீளம் கூடியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.