ஸ்குரூ டிரைவரும் உயிர் காக்கும்!



ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டு செய்வது என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும்தான். "அதெல்லாம் டாக்டருக்குப் படிச்சவங்க வேலைப்பா. டிப்ளமோக்காரனுக்கு அங்கே என்ன இருக்கு?" என்று நம் வகுப்பிலேயே கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது என்பதுதான் என் கருத்து.

வளரும் நாடுகள் 16-ல் 1,12,040 மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. அதில் 38.3 சதவீதக் கருவிகள் ஓடவில்லை! பத்து மெஷின் இருந்தால் நாலு சும்மா நிற்கிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மெஷினைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 110 வோல்ட்டில் ஓடும் அமெரிக்கக் கருவியை 230 வோல்ட் உள்ள ஊருக்கு அப்படியே அனுப்பினால் என்ன ஆகும் என்று முதலாண்டு மாணவனுக்கே தெரியும்.

ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக் காற்றை இழுத்து, ஜியோலைட்டில் நைட்ரஜனைப் பிடித்து நிறுத்திவிட்டு, மிச்சமுள்ள ஆக்ஸிஜனைத் தருகிறது. அதன் ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் தூசி அடைத்து, கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடும். நிமோனியா வந்த குழந்தை அந்தக் காற்றை நம்பித்தான் படுத்திருக்கிறது. ஃபில்டர் கழுவ எம்.பி.பி.எஸ். வேண்டுமா?

2010-ல் வந்த இன்னொரு ஆய்வு, 11 நாடுகளின் 60 ஆஸ்பத்திரிகளில் பழுதான கருவிகளைப் பார்த்தது. 72 சதவீதக் கருவிகளை வெளிநாட்டு உதிரிபாகம் இல்லாமலே ஓட வைத்துவிட்டார்கள். அதில் பெரும்பகுதிக்குத் தேவைப்பட்டது பவர் சப்ளை, மோட்டார், குழாய் வேலை போன்ற அடிப்படைத் திறமைதான். நம்ம சிலபஸ்தானே இது!

மாணவர்களால் என்ன முடியும் என்பதற்கும் சான்று உண்டு. மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்ப்பை வைத்து, சுவாச உதவிக் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், பிளான்டயர் நகரிலுள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் அது சோதிக்கப்பட்டது. மூச்சுத் திணறிய பச்சிளங்குழந்தைகளில், வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தபோது பிழைத்தவர்கள் 44 சதவீதம். இந்தக் கருவியோடு 71 சதவீதம். 2014-ல் வெளியான முடிவு இது.

ஆனால் ஒன்று. இரண்டு வாரம் போய், குழந்தைகளோடு போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புவதைத் தொண்டு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை பழகுவதற்கு அங்கே போவதும் தப்பு. அளவு தவறிய இன்ஃப்யூஷன் பம்ப் ஆளையே கொல்லும். ஏழை நோயாளி நமக்கு லேப் இல்லை. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு டாக்டர்களோடு தொழில்நுட்ப ஆட்களையும் அனுப்புகிறது. அவர்களிடமும் அனுபவம் கேட்கிறது. நியாயம்தானே?

போனவன் திரும்பியபின் மெஷின் மறுபடி நின்றால் யார் பார்ப்பது? அந்த ஊர் டெக்னீஷியன்தான். ஆகவே அவர் கையாலேயே கழற்றிப் பூட்டச் செய்ய வேண்டும். அந்த ஊர்க் கரண்டும் தூசியும் நம்மைவிட அவருக்குத்தான் தெரியும். அதை அவரிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாலைந்து வருடம் இங்கே உருப்படியாக வேலை கற்போம். அப்புறம் ஒரு வருடத்தை அப்படியொரு ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம். மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் மெஷின் ஒன்றாவது மறுபடி ஓடட்டுமே!