குக்கர் விசில் கேட்டால் நிற்குமா?

வீடியோ கேம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரி. அது பையன்களின் சமாசாரம் என்று ஒதுக்கி வைத்த காலம் மலையேறிவிட்டது. பகல் இரண்டு மணிக்கு எந்த வீட்டுக் கூடத்திலாவது எட்டிப் பாருங்கள். ஸெல்போனில் வண்ண மிட்டாய்களை நகர்த்திக்கொண்டிருப்பது அந்த வீட்டு அம்மாளாகத்தான் இருக்கும். யாராவது வந்தால் அவசரமாகப் போனைக் கவிழ்த்து வைப்பதும் அவள்தான். வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்த்தால், "வேலை இல்லையா?" என்று யாராவது கேட்கிறார்களா?

நானும் பல வருஷமாக ஆடுகிறவள். என் சொந்த அபிப்பிராயங்களைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமில்லை. விளையாட்டை எடைபோட என்னிடம் உள்ள படிக்கல் ஒன்றுதான். குக்கர் விசில் அடித்தால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா?

டெட்ரிஸில் முடியும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் உண்டாக்கியது. மேலிருந்து விழும் ஏழு விதக் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். சின்ன அலமாரியில் பெரிய பாத்திரங்களை அடுக்கிப் பழகிய நமக்கா இது கஷ்டம்? ஐந்து நிமிஷம் ஆடினாலும் மனசு துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடுகிறது.

பாக்-மேன் 1980-ல் ஜப்பானில் பிறந்தது. ஆண்கள் கூட்டமாக இருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று விரும்பினார், அதை உருவாக்கிய டோரு இவாடானி. பெண்களுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து, 'சாப்பிடுவது' என்று முடிவு கட்டினாராம்! சமைப்பது யார் என்பதையும் யோசித்திருக்கலாம். இருந்தாலும் நம்மை நினைத்து ஒருவர் செய்தாரே என்று எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

இனி அந்த மிட்டாய் விஷயத்துக்கு வருவோம். காண்டி க்ரஷ் 2012-ல் வந்தது. பார்க்க அழகு, விசில் அடித்தால் நிற்கவும் நிற்கும். ஆனால் அது உங்களை விடுவதில்லை. ஐந்து உயிர் கொடுக்கிறது. தோற்றால் ஒன்று போகும். போனது திரும்பி வர அரை மணி ஆகும். காத்திருக்கப் பொறுமை இல்லையா? காசு கொடு, அல்லது தோழியிடம் கேள்! ஆயிரக்கணக்கில் கட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இலவசம் என்று வீட்டுக்குள் நுழைந்த தவணைக்காரனைப் போல இருக்கிறது எனக்கு. ஆடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பாங்கிக் கணக்கை மட்டும் அதோடு இணைக்காதீர்கள். (காசு வைத்து ஆடும் ரம்மியை நான் விளையாட்டில் சேர்க்கவே இல்லை. அதைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் செய்தது.)

நூறு பேர் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் பப்ஜி மாதிரி ஆட்டங்கள் என் படிக்கல்லில் தேறாது. நடுவில் நிறுத்த முடியாது. சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை "இதோ, இதோ" என்கிறானே, பாதி காரணம் அதுதான்.

ஸ்டார்டியூ வாலி வேறு ரகம். எரிக் பரோன் என்ற அமெரிக்கர், படம், பாட்டு எல்லாம் தாமே செய்து, நாலு வருஷத்துக்கு மேல் உழைத்து 2016-ல் வெளியிட்டார். விதைக்கலாம், கோழி வளர்க்கலாம், ஊராரோடு பழகலாம். அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் கால் மணிக்கும் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்குள் எப்படியும் படுத்துவிட வேண்டும். நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை!

கடைசியாக, என் மனசுக்கு மிக நெருங்கியது 'வெண்பா'. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. 2023-ல் டொராண்டோவிலிருந்து வந்தது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா பரிசும் பெற்றது. அம்மா கொடுத்த சமையல் புஸ்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை யூகித்துச் சமைக்க வேண்டும். அங்கே வளரும் மகனுக்குத் தமிழ் மெல்ல நழுவிப் போகிறது. ஒன்றிரண்டு மணியில் முடிந்துவிடும். முடிந்தபின் காசு கேட்காது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதில் முதல் புதிரே இட்லி வார்ப்பதுதான். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று உலகமெங்கும் எத்தனையோ பேர் தலையைச் சொறிந்திருப்பார்கள். என் மாமியார் கையில் கொடுத்துப் பார்த்தேன். மளமளவென்று அடுக்கி முடித்துவிட்டு, "புதிர் எங்கேடி இருக்கு?" என்று கேட்டார்.